இரைப்பு நோயும் முட்டுக் கொடுத்த வீடும்

மட்டாஞ்சேரியில் யூதர் தெருவிலிருந்து படகுத்துறை நோக்கி நடப்பவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் இரார். இரு மருங்கும் பழைய பண்டகசாலைகள். சிலவற்றின் சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கும், ஆனால் விழுவதில்லை. எவரோ ஒரு மரத்தடியைக் கொண்டு முட்டுக் கொடுத்திருப்பர். அந்த முட்டினை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் சோதித்துப் பார்த்தேன். கட்டடத்தில் அன்று, என் மார்பில். அந்தக் கதையையும், அதன்பின் நான் படித்தும் பட்டும் அறிந்தவற்றையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன். நம்முள் இரைப்பு நோயுடையோர் சிலர் உளர் என்பதை விடுதியின் இரவுகள் எனக்குச் சொல்லியிருக்கின்றன.

என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்தவர். மலைச்சரக்குக் கிடங்கு ஒன்றில் சுக்கும் மிளகும் எடை போடுகிறார். மாலையில் அவர் சட்டையைக் கழற்றி உதறினால் வீட்டில் அனைவரும் தும்முவோம். எனக்கு ஏழு வயதில் நோய் கண்டது. எங்கள் ஆச்சி அதனை 'இழுப்பு' என்பார். அடுத்த வீட்டு மலையாள அம்மையார் 'வலிவு' என்பார். வலித்தல் என்றாலும் இழுத்தல்தான். இரு மொழியாரும் மூச்சை இழுக்கும் துன்பத்தைக் கண்டே பெயரிட்டனர் போலும். ஆனால் இந்நோயில் பெருந்தொல்லை மூச்சை இழுப்பதில் அன்று, விடுவதில்.

மூச்சுக்குழல் நெஞ்சினுள் ஒரு மரம்போலக் கிளைத்துக் கிளைத்துச் செல்கிறது. சிறு கிளைகளைச் சுற்றித் தசை உண்டு. உட்புறம் மெல்லிய சவ்வு. ஆஸ்துமாவில் மூன்று கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன. தசை இறுகுகிறது, சவ்வு வீங்குகிறது, பசை போன்ற சளி வழியை அடைக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பு விரிவதால் குழல்களும் சற்று விரிந்து கொடுக்கும். வெளியே விடும்போது அவை சுருங்கும். ஆகவே உள்ளே போன காற்று வெளிவராமல் சிறைப்படுகிறது. நிறைந்த பானையில் மேலும் நீர் ஊற்ற முடியுமா? 'காற்றே போகவில்லை' என்று நோயாளி தவிப்பது உள்ளே பழங்காற்று நிறைந்திருப்பதால்தான்.

இதற்கு இன்றைய மருத்துவத்தில் இருவகை மருந்து உண்டு. இறுகிய தசையைத் தளர்த்துவது ஒன்று; சால்பூட்டமால் இவ்வகையைச் சேர்ந்தது. சில நிமிடங்களில் வேலை செய்யும். வீக்கத்தைத் தணிப்பது மற்றொன்று. அது இன்ஹேலர் வழியாக இழுக்கும் ஸ்டீராய்டு. 1972ஆம் ஆண்டில் பெக்லோமெத்தசோன் வந்தது முதல் இது வழக்கத்தில் உள்ளது. இதை இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் இழுத்து வந்தால் சில வாரங்களில் நோய் அடங்கும். முன்னதை நாம் போற்றுகிறோம், பின்னதை மறந்துவிடுகிறோம். கனடா நாட்டு நோயாளிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இந்த ஸ்டீராய்டுக் குப்பி ஆண்டுக்கு ஒன்று கூடுதலாகப் பயன்படும்தோறும் ஆஸ்துமாச் சாவு 21 விழுக்காடு குறைவதாகக் காட்டியது. தசைத்தளர்த்தியை மட்டும் தனியே நம்பியிருக்கும் முறையை, 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டும் குழு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

இவற்றுள் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருந்தேன். உறவினர் ஒருவர் சொல் கேட்டு, பச்சிலை மருந்து கொடுக்கும் ஒருவரிடம் போனேன். "ஒரு மண்டலம் போதும். நோயை வேரோடு எடுத்துவிடலாம். முதலில் அந்த ஊதுமருந்தைத் தூக்கிப் போடுங்கள், அதுதான் நோயை உள்ளே பூட்டி வைக்கிறது" என்றார். தை மாதக் கடைசியில் தொடங்கினேன். நாற்பத்தெட்டு நாளும் ஓர் இழுப்பும் இல்லை! வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். மழையற்ற அந்த மாதங்களில் எனக்கு எந்த ஆண்டும் நோய் குறைவுதான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையாகாது என்று ஆய்வுக்கூடத்தில் படித்த மாணவன்தான் நான். படிப்பு ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிட்டது.

இடவப்பாதி மழை தொடங்கிய மூன்றாம் இரவு நோய் வந்தது. அம்மா ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அப்பா பழைய நீலக் குப்பியைத் தேடி எடுத்தார், அது காலி. இரண்டு மணி நேரம் என் மார்பில் பூனை கத்துவது போன்ற சீழ்க்கை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "தணிந்துவிட்டது, முருகா" என்று அம்மா கண்களை ஒற்றிக்கொண்டாள். தணியவில்லை. சீழ்க்கையடிப்பதற்கும் காற்று வேண்டும் அன்றோ? அதுவும் இல்லாமற் போயிற்று, அவ்வளவே. இதனை நண்பர்கள் நன்கு நினைவில் வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் குறையாமல் ஓசை மட்டும் நின்றுபோவது நல்ல குறியன்று; மிகக் கொடிய குறி.

ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் என்னை ஒன்று முதல் எண்ணச் சொன்னார். ஒரே மூச்சில் நான்கு வரைதான் எண்ண முடிந்தது. முகமூடி போட்டு மருந்தாவி கொடுத்தார்கள். அதில் சால்பூட்டமாலுடன் இப்ராட்ரோபியம் என்னும் மருந்தும் கலந்திருந்தது. அந்தப் பெயரைப் பின்னர் நூலகத்தில் தேடியபோதுதான் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அதனைப் பிறகு சொல்கிறேன்.

உடல் தேறியபின், ஆயுர்வேதத்தின்மீதே எனக்குச் சினம் மூண்டது. அப்போது எங்கள் தெருவுக்கு அப்பால் இருக்கும் முதிய வைத்தியர் ஒருவர் அழைத்து உட்கார வைத்தார். முறைப்படி கற்றவர். "தம்பி, உனக்கு மருந்து கொடுத்தவர் எந்த நூலைப் படித்தார்? எங்கள் நூலில் அப்படி இல்லையே" என்றார். பிறகு அவர் விளக்கியது இது. சரக சங்கிதை மூச்சு நோய்களை ஐந்தாகப் பகுக்கிறது. அவற்றுள் தமக சுவாசம் என்பதன் இலக்கணம் நம் ஆஸ்துமாவுடன் பெரிதும் பொருந்துகிறது. நோயாளியால் படுக்க முடியாது, நிமிர்ந்து உட்கார்ந்தால் சற்றுச் சுகம், வெந்நீரை விரும்புவான், மேகமும் மழையும் குளிரும் வந்தால் நோய் மிகும். இந்நோயை அந்நூல் 'யாப்பியம்' என்னும் வகையில் சேர்க்கிறது. புதிதாகத் தோன்றியதாயின் தீரலாம் என்று ஒரு விலக்கும் கூறுகிறது. யாப்பியம் என்றால் என்ன? தீர்ந்துவிடும் நோயும் அன்று, கொன்றுவிடும் நோயும் அன்று. மருந்து தொடரும்வரை அடங்கியிருப்பது, நிறுத்தினால் எழுவது. சுசுருதர் இதற்கு ஓர் உவமை தந்திருக்கிறார்: விழப்போகும் வீட்டிற்கு நன்கு ஊன்றிய முட்டுப் போன்றது யாப்பிய நோயாளிக்குத் தக்க மருந்து. வைத்தியர் இதைச் சொல்லிவிட்டு, சன்னல் வழியே எதிரில் சாய்ந்து நின்ற கிடங்கைக் காட்டினார். "ஊதுமருந்து ஒரு முட்டு. அதை எடுக்கச் சொல்ல எனக்கு நூல் இடம் தரவில்லை. நான் தருவது பக்கத்தில் இன்னொரு முட்டு" என்றார்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு நூல் தன் எல்லையை இவ்வளவு ஒளிவின்றிச் சொல்லியிருக்க, அதன் பெயரால் மருந்து விற்பவர்கள் 'வேரோடு எடுப்பேன்' என்று விளம்பரம் செய்வது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அந்த இன்னொரு முட்டு எவ்வளவு வலியது? வேதியியல் மாணவனாக அதனைத் தேடத் தொடங்கினேன். முதலில் ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் என்பர். மலையாளத்தார் ஆடலோடகம் என்பர். பாடாத நாவையும் பாடவைக்கும் என்று நம்மூரில் இதனைப் புகழ்வார்கள். உதகமண்டலத்தில் சின்கோனாத் தோட்டங்களுக்கு அரசு வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888ஆம் ஆண்டில் இவ்விலையிலிருந்து வாசிசின் என்னும் காரப்பொருளைப் பிரித்தார். அதன் அமைப்பை அடிப்படையாகக் கொண்டே ப்ரோம்ஹெக்சின் என்னும் மருந்தை 1960களில் உருவாக்கினர். இன்று கடைகளில் விற்கும் பல இருமல் மருந்துகளில் அதுவோ, அதன் வழிவந்த அம்ப்ராக்சாலோ இருக்கிறது. ஆச்சியின் கஷாயச் சட்டி பொய்யன்று என்பதற்கு இது சான்று. ஆனால் ப்ரோம்ஹெக்சின் செய்வது யாது? சளியை இளக்குவது. இறுகிய தசையை அது விரைந்து தளர்த்துவதில்லை. முன்சொன்ன மூன்று கேடுகளுள் ஒன்றை மட்டும் அது தொடுகிறது. அன்று இரவு அம்மாவின் கஷாயம் ஏன் தோற்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மற்றொரு செய்தி: வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்ய வல்லது. ஆதலால் கருவுற்ற பெண்கள் இதனைத் தாமாக உண்ணலாகாது.

இனி அந்த இப்ராட்ரோபியம். இது ஊமத்தையின் வழிவந்தது! ஊமத்தையைப் புகைத்தால் இரைப்புத் தணியும் என்பது நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்தது. சென்னையில் கும்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதனைக் கற்றுக் கூற, ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து 'ஆஸ்துமாச் சிகரெட்' பரவி, இருபதாம் நூற்றாண்டிலும் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்றது. ஊமத்தை கொடிய நஞ்சு. மயக்கமும் பிதற்றலும் சாவும் தரும். அதிலுள்ள அட்ரோபின் என்னும் பொருளின் உருவைச் சற்று மாற்றி, இரத்தத்தில் மிகுதியாகக் கலவாமல் மூச்சுக்குழலிலேயே வேலை செய்யுமாறு அமைத்ததே இப்ராட்ரோபியம். சென்னையிலிருந்து கப்பலேறிய ஓர் இலை, நஞ்சு நீங்கி, முகமூடி வழியாக என்னிடம் திரும்பி வந்தது. இதனைப் படித்துவிட்டு எவரும் ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்க வேண்டா!

எல்லா மூலிகைக்கும் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. நஞ்சறுப்பான் என்னும் கொடியின் இலை ஆஸ்துமாவைத் தணிப்பதாகச் சிவபுரி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் கண்டனர். எது மருந்து, எது போலி என்று நோயாளியும் மருத்துவரும் அறியாவண்ணம் நடத்திய நல்ல சோதனை அது. 1979ஆம் ஆண்டில் வேறு குழுவினர் அதே முறையில் சோதித்தபோது பயன் தெரியவில்லை. தூதுவளையும் கண்டங்கத்திரியும் பற்றி 1999இல் வெளியான ஒரு சிற்றாய்வு, அவற்றை உண்டவர்களின் மூச்சு அளவு கூடியதாகவும், ஆனால் அக்கூடுதல் சால்பூட்டமால் தருவதைவிடக் குறைவு என்றும் கூறுகிறது. தூதுவளைத் துவையலை நான் விரும்பி உண்கிறேன். அதனை நம்பி இரவில் உறங்குவதில்லை.

'இயற்கை மருந்து, தீங்கில்லை' என்னும் பேச்சையும் சற்று ஆராய வேண்டும். சுவாசகுடாரம் என்னும் மருந்தின் கூட்டில் பாதரசம், கந்தகம், மனோசிலை, நாபி ஆகியவை சேர்கின்றன. 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் சூரணம் ஒரே நாளில் அற்புதம் செய்தால், அதில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கவும் கூடும். அடுக்களைச் சரக்குகளும் முற்றிலும் விளையாட்டல்ல. அதிமதுரத்தை அளவின்றி உண்டால் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறையும். சால்பூட்டமாலும் பொட்டாசியத்தைக் குறைப்பதே. மிளகிலுள்ள பைப்பரின் தியோபைலின் மாத்திரையின் அளவை இரத்தத்தில் கூட்டும். ரசத்தில் இடும் மிளகுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கரண்டி கரண்டியாகத் திரிகடுகம் உண்போர் தம் டாக்டரிடம் அதனைச் சொல்லிவிட வேண்டும்.

உணவைப் பற்றிச் சொன்னால் சிலர் வருந்தக்கூடும். எனக்குச் சிறுவயதில் வாழைப்பழம், ஆரஞ்சு, கொய்யா, இளநீர், தயிர் எல்லாம் விலக்கு. ஓணத்தன்று அயல்வீட்டில் இலைபோட்டால் பழத்தை எடுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருவருக்கு ஒரு பண்டம் ஒவ்வாமை தருமாயின் அவர் அதனை விலக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரிலுள்ள இரைப்பு நோயாளர் அனைவருக்கும் பழத்தை விலக்குவதற்குச் சான்றில்லை. வளரும் பிள்ளைக்குச் சத்துத்தான் குறையும். பழைய நூல்கள் கூறுவனவற்றுள் இரவில் குறைவாக, நேரத்தோடு உண்பது எனக்கு நன்மை செய்தது. வயிறு முட்ட உண்டு உடனே படுத்தால் புளித்த நீர் மேலேறி இருமலைத் தூண்டும் என்பதை இன்றைய மருத்துவரும் ஒப்புவர். உடல் பருத்தவர் எடையைக் குறைத்தால் மூச்சு எளிதாகும். காப்பி பிரியர்களுக்கு ஒரு நற்செய்தி: ஹென்றி ஹைட் சால்டர் என்னும் ஆங்கில மருத்துவர், தாமும் ஆஸ்துமா உடையவர், 1860இல் எழுதிய நூலில் கடுங்காப்பியை மருந்தாகவே கூறினார். காஃபீன் சில மணி நேரம் குழலைச் சிறிது விரிக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. சிறிதுதான், குப்பிக்கு ஈடாகாது.

வாய்வழிச் செல்வதைவிட மூக்குவழிச் செல்வதையே நாம் மிகுதியும் கவனிக்க வேண்டும். சரகர் இந்நோய்க்குக் காரணம் கூறும்போது தூசும் புகையும் முன்வரிசையில் நிற்கின்றன. எங்கள் மட்டாஞ்சேரிக்கு இது மிகவும் பொருந்தும். ஸ்பெயினின் பார்சலோனாத் துறைமுகத்தில் 1981 முதல் 1987 வரை இருபத்தாறு முறை, ஒரே நாளில் பலருக்கு ஆஸ்துமா கண்டு மருத்துவமனை நிறைந்தது. சோயாப் பயறு இறக்கிய நாள்களில் எழுந்த தூசுதான் காரணம் என்று கண்டறிந்தனர். சேமிப்புக் கொள்கலத்தில் வடிகட்டி பொருத்தியபின் அந்தத் தொல்லை நின்றது. இதைப் படித்த அன்றே அப்பாவிடம் பேசினேன். இப்போது அவர் கிடங்கிலேயே சட்டையை மாற்றிக் கை கால் கழுவிவிட்டு வருகிறார். பணம் செலவில்லாத இந்த ஒரு மாற்றம் எனக்குச் செய்த நன்மையை எந்தக் கஷாயமும் செய்யவில்லை. மழைக்காலத்தில் படுக்கையில் பெருகும் நுண்ணிய தூசுப்பூச்சியும் பெரும் பகை. தலையணை உறையை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுகிறோம். சுவரில் பூஞ்சணம் கண்டால் துடைக்கிறோம். மூன்று மாத மழையில் அது மீண்டும் வருகிறது, மீண்டும் துடைக்கிறோம்.

இறுதியாக மூச்சுப் பயிற்சி. 1985ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த நாகரத்னாவும் நாகேந்திராவும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஐம்பத்து மூன்று நோயாளிகள் யோகப் பயிற்சி பெற்றனர். ஒப்பீட்டுக்கு வேறு ஐம்பத்து மூவர். பயிற்சி செய்தோருக்கு நோய் வரும் முறையும் மருந்தின் தேவையும் குறைந்தன. 1990இல் சிங் என்பவரும் உடனாய்வாளரும், இழுக்கும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் மூச்சை விடுமாறு அமைந்த ஒரு கருவியைக் கொண்டு பதினெட்டு நோயாளிகளைப் பழக்கினர். மூச்சுக்குழல் எளிதில் சினந்து சுருங்கும் இயல்பு குறைந்தது. ஆனால் மூச்சின் அளவு குறிப்பிடத்தக்கவாறு கூடவில்லை. 2016இல் பதினைந்து சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், யோகம் வாழ்க்கை நலத்தைச் சிறிது உயர்த்தக்கூடும் என்றனர். சிறிது என்னும் சொல்லை நான் இழிவாகக் கருதவில்லை. நாள்தோறும் இளைக்கிறவனுக்குச் சிறிதும் பெரிதே.

நான் செய்வது எளியது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை இழுக்கிறேன். உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுகிறேன். காலையும் மாலையும் பத்து நிமிடம். மூக்கு காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரப்படுத்தும். நெடிது விடுவதால் சிறைப்பட்ட காற்று வெளியேற நேரம் கிடைக்கும். மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகத்தையும், விரைந்து அடித்து விடும் கபாலபாதியையும் நான் விட்டுவிட்டேன். வேகமான மூச்சே எனக்கு இழுப்பைத் தூண்டியது. நோய் எழுந்த வேளை பயிற்சிக்குரிய வேளையன்று, மருந்துக்குரிய வேளை. குப்பி மருந்து எடுத்தும் தணியாவிடினும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிடினும், உதடு நீலம் பாய்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நண்பன் ஒருவன் அந்நிலையில் 'ஒன்றுமில்லை' என்று கையசைத்தால் நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் கையசைத்தேன்.

இப்போது என் மேசையில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. வெளிவிடும் மூச்சின் வேகத்தை அளக்கும் கருவி அது. ரைட், மக்கெரோ என்னும் இருவர் 1959இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டனர். அப்போது பெரிதாக இருந்தது, இன்று கைக்கடக்கமான பிளாஸ்டிக்கில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நலமாயிருக்கும்போது எனக்கு 480 காட்டும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. பாதிக்குக் கீழே இறங்கினால் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். சென்ற மழைக்காலம் முழுதும் காலை மாலை எழுதிவைத்தேன். ஸ்டீராய்டை இரு வேளையும் இழுத்து, பயிற்சியும் செய்து, வைத்தியர் தந்த கஷாயத்தையும் குடித்த அந்தப் பருவத்தில் 400க்குக் கீழே போனது மூன்று நாள்தான். இவற்றுள் எது எவ்வளவு செய்தது என்று என் ஒருவனுடைய நோட்டைக் கொண்டு சொல்ல இயலாது. வைத்தியரிடம் காட்டினேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, கஷாயத்தின் அளவைப் பாதியாக்கினார். டாக்டர் ஊதுமருந்தை அப்படியே தொடரச் சொன்னார்.

தம் மூச்சை அளந்து பார்க்க விரும்பும் நண்பர்கள் மாலை நான்கு மணிக்குமேல் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வரலாம். கருவி என்னிடம் உண்டு. வாயில் வைத்து ஊதும் காகிதக்குழலை மட்டும் ஆளுக்கொன்றாக வாங்கி வருக.